எயார் எடுத்தும் எழும்பாத கிளச் பெடல்: ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் அதிகம் இல்லை. ஆனால் இருப்பவர்களிடமிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "புதுச் சாமான் போட்டாச்சு, ரெண்டு போத்தல் ஒயிலும் முடிஞ்சுது, பெடல் இன்னும் தரையோட கிடக்குது." 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் வாகனங்களுக்கு அது மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். அதற்குள் கைவசம் இருந்த யூனோஸ் ரோட்ஸ்டர், எம்ஆர்2, சில்வியா போன்ற ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்கள் எல்லாம் இன்னும் ஐந்து வயது கூடிவிட்டன. இரும்பு தாங்கும், றப்பர் தாங்காது. கிளச் வருத்தங்களில் பாதி அந்த றப்பரிலிருந்துதான் தொடங்குகிறது.

மற்றப் பாதி, காற்று எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் பெடலை மிதித்துக்கொண்டே இருப்பதால் வருவது. கிளச் ஒயிலுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றுவதைத்தான் எயார் எடுப்பது என்கிறோம்.

இந்த ஹைட்ரோலிக் கிளச் எப்படி வேலை செய்கிறது? கொஞ்சம் காற்று இருந்தால் என்ன?

பெடலை மிதித்தால் மேலேயுள்ள மாஸ்டர் சிலிண்டர் ஒயிலை (பிரேக் ஒயில் வகைதான்) தள்ளும். அது குழாய் வழியே போய் கியர்பொக்ஸ் பக்கத்தில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும். அந்தப் பிஸ்டன் ஒரு கம்பியால் கிளச் போர்க்கை, அதாவது கிளச்சை விடுவிக்கும் நெம்புகோலை, நெம்பும். கராஜில் மேல் பம்ப், கீழ் பம்ப் என்று சொன்னாலும் இவைதான்.

"கொஞ்சம் காற்று" என்பதன் அளவை ஒருக்கால் கணக்குப் பாருங்கள். மாஸ்டரின் உள்விட்டம் 5/8 அங்குலம், அதைத் தள்ளும் பெடல் கம்பி 20 மில்லிமீற்றர் ஓடுகிறது என்று வைப்போம். ஒரு மிதிக்கு அது தள்ளும் ஒயில் 4 மில்லிலீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஒரு தேக்கரண்டிகூட நிரம்பாது. அந்த ஒயிலுக்குள் 1 மில்லிலீற்றர் காற்று ஒளிந்திருந்தால், மிதித்ததில் கால்வாசி காற்றை நசுக்குவதிலேயே போய்விடும். மிச்சம் இருக்கும் ஓட்டத்தில் கிளச் முழுதாக விடுபடாது, கியர் கறகறக்கும், ரிவேர்ஸ் விழவே விழாது. ஒரு பட்டாணி அளவுக் குமிழி ஒரு காரை நிறுத்திவிடுவது இப்படித்தான்.

எயார் எடுக்கத் தொடங்க முன்னம் எதைப் பார்க்க வேண்டும்?

ஒழுக்கு. ஒயில் வெளியே போகிற வழி இருந்தால் காற்றும் அதே வழியால் உள்ளே வரும், நீங்கள் விடிய விடிய எயார் எடுக்கலாம்.

ஸ்லேவின் முனையில் இருக்கும் றப்பர் உறையை (பூட்) விரலால் மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே வெறும் தூசியும் இலேசான பிசுபிசுப்பும் என்றால் பயமில்லை. சொட்டு விழுந்தால் அந்தச் சிலிண்டர் முடிந்தது. மாஸ்டர் ஒழுகுவது வெளியே தெரியாது. அது உள்ளே, பெடலுக்கு மேலே, கம்பி நுழையும் இடத்தால் வடிந்து கால்விரிப்புக்குள் போகும். ஃபோன் ரோச்சை அடித்து மேலே பாருங்கள், பெடல் கம்பியைத் தொட்டு விரலை மணந்தும் பாருங்கள். எஞ்சின் பக்கத்தில் மாஸ்டருக்குக் கீழே பெயின்ட் கொப்பளித்து உரிந்திருந்தால், அது பழைய ஒழுக்கின் அடையாளம்.

மாஸ்டருக்கு ஒயில் கொடுக்கும் சின்ன டாங்கியில் இருக்கும் ஒயில் கறுத்து, அடியில் சேறு போலப் படிந்திருக்கிறதா? உள்ளே பிஸ்டனின் றப்பர் அடைப்பு (கப் சீல்) தேய்ந்து கரைகிறது என்று பொருள்.

காருக்குக் கீழே போக இடமே இல்லை. எப்படித் தூக்குவது?

எங்கள் கரையோர ஊர்களில் முற்றம் என்றால் மணல். ஜாக் மணலில் புதைந்து சரியும். தடித்த பலகை ஒன்றை அடியில் போட்டு, அதன்மேல் ஜாக்கை வைத்துத் தூக்கி, ஸ்டாண்டுக்கும் பலகை வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி யாரும் காருக்குக் கீழே போகக்கூடாது. சீமெந்துத் தரை உள்ள பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்பது இன்னும் நல்லது.

வழமையான முறையைச் சரியாகச் செய்வது எப்படி?

இரண்டு பேர் வேண்டும். பெடலில் இருப்பவர் கெட்டிக்காரனாக இருக்கத் தேவையில்லை, சொல் கேட்பவராக இருந்தால் போதும்.

பாமசியில் சேலைன் ஏற்றும் குழாய் கிடைக்கும். அதன் ஒரு முனையை ஸ்லேவிலுள்ள நிப்பிளில், அதாவது காற்றை வெளியே விடும் துளையுள்ள திருகில், இறுக்கமாக மாட்டுங்கள். மறு முனையை, கொஞ்சம் புது ஒயில் ஊற்றிய தெளிவான போத்தலுக்குள், ஒயிலில் அமிழ்ந்திருக்கும்படி விடுங்கள். குழாய் நிப்பிளிலிருந்து முதலில் மேல்நோக்கி வளைந்து பிறகு கீழே இறங்கட்டும். அப்போதுதான் வெளியே வந்த குமிழி திரும்பி உள்ளே போகாது.

"மிதி" என்றால் அவர் மெதுவாக அடிவரை மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, ஒயில் ஓடி நின்றதும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் "விடு". பெடல் மேலே வரும்போது நிப்பிள் திறந்திருந்தால் செய்ததெல்லாம் வீண். எயார் நிறைய இருக்கும்போது கிளச் பெடல் தானாக எழும்பாது. கையாலோ கால்விரலாலோ மெதுவாகத் தூக்கி விட வேண்டும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், பிரேக் பெடலைப் போல இது இல்லை.

அடிக்கடி நடக்கும் பிழை இரண்டு. ஒன்று, டாங்கி சின்னது என்பதை மறந்து ஒயில் அடிவரை இறங்க விடுவது. மேலே ஒரு தரம் காற்றை இழுத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மற்றது, கெதியாகப் பத்துப் பதினைந்து தரம் பம்ப் பண்ணுவது. அது குமிழியை உடைத்துப் பொடியாக்கி ஒயிலில் கலந்துவிடும். குழாயில் பால் போல வெண்மையாக ஏதும் வந்தால் நிறுத்திவிட்டு ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வாருங்கள். பொடிக் குமிழிகள் ஒன்றுசேர்ந்து பெரிதாக நேரம் வேண்டும்.

குழாயில் குமிழி வந்துகொண்டே இருக்கிறது, நிற்பதாகவே இல்லை. ஏன்?

கையால் இழுக்கும் வெற்றிடப் பம்ப் பாவிக்கிறீர்களா? அப்படியென்றால் அந்தக் குமிழிகளை நம்பாதீர்கள். நிப்பிளைத் திறந்ததும் அதன் மரைவழியே வெளிக்காற்று உறிஞ்சப்பட்டுக் குழாய்க்குள் வரும். சிஸ்டத்துக்குள் காற்றே இல்லாவிட்டாலும் ஓயாமல் வரும். ஒரே அளவில், சங்கிலிபோல வரிசையாக வரும் சின்னக் குமிழிகள் இந்த வகை. உள்ளிருந்து வரும் உண்மையான காற்று ஒழுங்கில்லாமல் வரும்: ஒரு பெரிய குமிழி, ஒரு இடைவெளி, பிறகு இரண்டு சின்னது.

மரையில் கொஞ்சம் கிறீஸ் பூசினால் பொய்க் குமிழி குறையும். நிப்பிள் மூடுவது மரையால் அல்ல, கூம்பு முனையால்தான். ஆகவே இதனால் ஒழுக்கு வராது. இல்லாவிட்டால் பம்பைத் தள்ளிவைத்துவிட்டு ஆளை வைத்து மிதிக்கும் முறைக்கே வாருங்கள்.

ஆளை வைத்துச் செய்யும்போதும் ஓயாமல் குமிழி வந்தால், காற்று எங்கோ நுழைகிறது. ஸ்லேவின் கப் சீல், குழாய் நட், ஹோஸ் முனையிலுள்ள கொப்பர் வொஷர் என்று பாருங்கள். பழைய கொப்பர் வொஷரைத் திருப்பிப் போட்டுச் சமாளிக்கும் பழக்கம் நம்மிடம் நிறைய. வொஷர் விற்கும் விலைக்கு அது தேவையே இல்லை.

குமிழி ஒன்றும் வரவில்லை, ஒயில் சுத்தமாக ஓடுகிறது. ஆனால் பெடல் மெத்தென்று இருக்கிறது. காற்று எங்கே?

இதுதான் ஆக்களை அலைக்கழிக்கும் நிலை. காற்று உள்ளே இருக்கிறது, ஆனால் ஒயில் ஓடும் பாதையில் இல்லை. ஒரு மிதிக்கு ஓடும் நாலு மில்லிலீற்றர் ஒயிலுக்கு, மூலையில் ஒதுங்கி நிற்கும் குமிழியைத் தள்ளிக்கொண்டு வரும் வேகம் கிடையாது.

முதல் மூலை, ஸ்லேவுக்குள். பிஸ்டனின் பின்னால் ஒரு ஸ்பிரிங் இருக்கும். அது பிஸ்டனை எப்போதும் வெளியே தள்ளி வைத்திருப்பதால், பின்னால் ஒரு வெற்று அறை உண்டாகி அதில் காற்று தங்கும். நிப்பிள் மேல்புறத்தில் இருந்தால் வெளியேறும். ஸ்லேவ் சற்றுச் சரிந்திருந்தாலோ, குழாயும் நிப்பிளும் துளை மாறிப் பூட்டப்பட்டிருந்தாலோ வெளியேறாது. நிப்பிள்தான் மிக உயரத்தில் நிற்க வேண்டும்.

இதற்கு நான் முதலில் சொல்லும் வழி ஸ்லேவைக் கழற்றிக் கையில் எடுப்பது. ரோட்ஸ்டரில் அது கியர்பொக்ஸின் வலப்பக்கம், இரண்டு பொல்ட்தான். ஹோஸைக் கழற்ற வேண்டாம். நிப்பிள் இறுகி மூடியிருக்கட்டும். ஸ்லேவை நிப்பிள் மேலே பார்க்கும்படி பிடித்து, கம்பியைப் பெருவிரலால் மெதுவாக, மிக மெதுவாக, உள்ளே அழுத்துங்கள். பின்னாலுள்ள அறை சுருங்கி, ஒயிலும் காற்றும் வந்த வழியே மேலேறி மாஸ்டர் டாங்கிக்குப் போகும். மேலே மூடியைத் திறந்து ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றால், ஒயில் மட்டம் ஏறுவதும், ஒரு கணம் கழித்துக் குளுக்கென்று குமிழி உடைவதும் தெரியும். கம்பியை மெதுவாக வெளியே வரவிட்டு மறுபடி அழுத்துங்கள். குமிழி வருவது நிற்கும்வரை செய்யுங்கள். காற்று இயல்பாகவே மேலே போக விரும்புவது; அதைக் கீழே இழுப்பதை விட இது இலகு.

ஒரு எச்சரிக்கை: ஸ்லேவ் கையில் இருக்கும்போது யாரும் பெடலில் கால் வைக்கக்கூடாது. பிஸ்டன் தெறித்து வெளியே வந்துவிடும், மூஞ்சியெல்லாம் ஒயில். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் ஓட்டிப்பார்க்க வரும் ஆசைக்காரர்களும் ஏற மாட்டார்கள்.

ஸ்லேவ் கைக்கு எட்டாவிட்டால் ஊசி முறை. 60 மில்லிலீற்றர் ஊசியில் புது ஒயில் ஏற்றி, குழாயில் காற்றில்லாமல் நிரப்பி, நிப்பிளில் மாட்டித் திறந்து கீழிருந்து மேலே தள்ளுங்கள். டாங்கி வழியும், ஆகவே முதலிலேயே பாதி ஒயிலை எடுத்துவிடுங்கள். உள்ளே இருப்பது பழைய கறுத்த ஒயில் என்றால் இந்த முறை வேண்டாம், அடியிலுள்ள சேற்றை எல்லாம் மாஸ்டருக்கு ஏற்றிவிடுவீர்கள்.

இரண்டாவது மூலை மாஸ்டரின் மூக்கு, அதாவது அதன் முன்முனை. சில கார்களில் மாஸ்டர் மூக்கைத் தூக்கியபடி சரிந்து நிற்கும். டாங்கிக்குப் போகும் சிறு துளையோ அதன் பின்பக்கம். காற்று மூக்கில் ஏறி நின்றுகொள்ளும். காரின் பின்பக்கத்தை நன்றாக உயர்த்தினால் மூக்கு தாழ்ந்து, குமிழி துளைப்பக்கம் நகரும். ஸ்பனர் பிடியால் மாஸ்டரை மெல்லத் தட்டி, பெடலை ஒரு அங்குலம் மட்டும் மெதுவாக அழுத்தி விடுங்கள். அதற்கும் மசியாவிட்டால், மாஸ்டரிலிருந்து வெளியே போகும் குழாய் நட்டைத் துணி சுற்றிச் சற்று இளக்கி, ஒருவரை மெதுவாக மிதிக்கச் சொல்லுங்கள். புஸ்ஸென்று காற்று வந்து, பிறகு ஒயில் மட்டும் கசியும். நட்டை இறுக்கிவிட்டு "விடு".

புது மாஸ்டர் போட்டேன். அதை நேரடியாகப் பூட்டினால் போதாதா?

போதாது. பெட்டியிலிருந்து வருவது முழுக்கக் காற்று. பூட்ட முன்னம் மேசையில் நிமிர்த்திப் பிடித்து, ஒயில் ஊற்றி, ஸ்குறூ டிரைவரால் பிஸ்டனை மெதுவாகத் தள்ளுங்கள். திரும்பி வரும்போது வெளித்துளையை விரலால் அடையுங்கள். டாங்கியில் குமிழி நிற்கும்வரை செய்துவிட்டுப் பூட்டினால் பாதி வேலை முடிந்தது.

நிப்பிளைத் திறந்தாலும் ஒயில் வரவில்லை, சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது.

மாஸ்டர் பெடலிலிருந்து விடுபடவில்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள். பெடலை விட்டதும் பிஸ்டன் முழுக்கப் பின்னால் வந்தால்தான் டாங்கித் துளை திறக்கும். பெடல் கம்பியை யாரோ அளவுக்கு மீறி நீட்டி வைத்திருந்தால் பிஸ்டன் முன்னாலேயே நிற்கும், துளை மூடியே இருக்கும், புது ஒயில் இறங்காது, காற்றும் மேலே போகாது. கிளச் வராத காருக்குக் கம்பியை நீட்டிக் "கொஞ்சம் எடுத்துக் கொடுப்பது" ஊர் வழக்கம். அதே திருகுதான் பிறகு எயார் எடுக்க முடியாமல் பண்ணுகிறது.

டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு, பெடல் சும்மா இருக்கும்போது கம்பியை இரண்டு விரலால் அசைத்துப் பாருங்கள். பிஸ்டனில் முட்ட முன்னம் ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் ஆட்டம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பூட்டு நட்டை இளக்கிக் கம்பியைக் குறையுங்கள். சரியான அளவு உங்கள் காரின் கையேட்டில் இருக்கும். பெடலைப் பின்னால் தடுக்கும் பொல்ட்டையும் பாருங்கள். அது உள்ளே திருகப்பட்டிருந்தாலும் இதே கதைதான்.

கம்பி சரி என்றால் நிப்பிள் துளையில் துரு அடைத்திருக்கலாம், கழற்றி மெல்லிய கம்பியால் குத்துங்கள். அதுவும் சரி என்றால் பழைய ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். வெளியே பார்க்கப் புதிது போலத்தான் இருக்கும்.

எயார் எடுக்க முன்னம் ஓரளவு வேலை செய்தது. எடுத்த பிறகு மோசம். எப்படி?

வருடக்கணக்காக மாஸ்டரின் கப் சீல் சிலிண்டரின் ஒரு குறிப்பிட்ட நீளத்தில்தான் ஓடியிருக்கும். அந்த இடம் கண்ணாடிபோல மினுங்கும். அதற்கு அப்பால், கப் போகாத இடத்தில், ஈரத்தால் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். எயார் எடுக்கும்போது பெடல் தரைவரை போவதால் கப் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழிகிறது. பழைய மாஸ்டரை வைத்துக்கொண்டு எயார் எடுப்பதென்றால், பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்து முழு ஓட்டம் போகாமல் தடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கிழிந்துவிட்டால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

பம்ப் பண்ணினால் பெடல் வருகிறது, பிடித்துக்கொண்டிருந்தால் இறங்குகிறது. எது பழுது, மேலதா கீழதா?

வெளியே ஒழுக்கு இல்லாமல் பெடல் மெல்ல இறங்கினால் பெரும்பாலும் மாஸ்டர்தான்; உள்ளே ஒயில் கப்பைத் தாண்டித் திரும்புகிறது. உறுதிப்படுத்த, ஸ்லேவுக்குப் போகும் றப்பர் ஹோஸை ஹோஸ் கிளாம்பால் நெரித்துவிட்டு மிதியுங்கள். பெடல் மேலேயே கல்லாக நின்றால் மாஸ்டர் நல்லது, பழுது கீழே. அப்போதும் இறங்கினால் மாஸ்டர். கம்பி பின்னிய ஸ்டீல் ஹோஸை நெரிக்கக்கூடாது, உள்குழாய் மடிந்து உடையும். சாதாரண ஹோஸையும் குறட்டால் கடிக்க வேண்டாம்.

ஒன்று போனால் மற்றதும் போகப்போகிறது. ஒன்றை மட்டும் மாற்றினால், கூடிவிட்ட அழுத்தத்தில் மற்றது சில மாதத்தில் ஒழுகத் தொடங்குவது வழமை. காசு கையில் இருந்தால் இரண்டையும் ஹோஸோடு சேர்த்து மாற்றுங்கள்.

கொழும்பு பஞ்சிகாவத்தைச் சாமான் கடையில் வாங்கிய ஸ்லேவ் அப்படியே பொருந்தியது. ஆனாலும் கிளச் விடவில்லை.

பொல்ட் துளை பொருந்துவது வேறு, உள்விட்டம் பொருந்துவது வேறு. முன்னைய கணக்குக்கே வருவோம். மாஸ்டர் 5/8 அங்குலம், ஸ்லேவ் 3/4 அங்குலம் என்றால், மேலே 20 மில்லிமீற்றர் ஓடும்போது கீழே ஏறக்குறைய 14 மில்லிமீற்றர் ஓடும். அதே இடத்தில் 13/16 அங்குல ஸ்லேவைப் போட்டால் 12-க்குக் கீழே இறங்கிவிடும். பெடல் இலேசாக, அழகாக இருக்கும். கிளச் மட்டும் விடாது. காற்று அங்கே இல்லவே இல்லை. அளவு பெரும்பாலும் சிலிண்டர் உடம்பிலேயே அச்சாகியிருக்கும், பழையதைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். கொழும்பிலிருந்து பஸ்ஸில் சாமான் அனுப்பச் சொல்பவர்கள், பழையதன் அச்சைப் படம் எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்பிவிட்டுக் காசைப் போடுங்கள்.

காற்றே இல்லை என்று எப்படி நிச்சயப்படுத்துவது?

அளந்து பாருங்கள். உண்மையில் இதை எல்லாவற்றுக்கும் முதலே செய்யலாம், ஒருவரும் செய்வதில்லை. ஸ்லேவ் கம்பி போர்க்கைத் தொடும் இடத்தில் ஒரு அடிமட்டத்தைப் பிடித்து, ஒருவரை முழுக்க மிதிக்கச் சொல்லி, எத்தனை மில்லிமீற்றர் ஓடுகிறது என்று பாருங்கள். உங்கள் இரண்டு சிலிண்டர்களின் விட்டத்துக்கு வர வேண்டிய ஓட்டம் வந்தால் ஹைட்ரோலிக் பக்கம் சரி. இனி ஒரு சொட்டு ஒயிலும் வீணாக்க வேண்டாம்.

அப்போது பழுது இரும்பில். மாரியில் மாதக்கணக்காக நிறுத்திவைத்த கார் என்றால் கிளச் பிளேட் எஞ்சினோடு சுழலும் பிளைவீல் சக்கரத்தோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். வாவிக் காற்றுக்கும் மார்கழி மழைக்கும் இது அடிக்கடி நடப்பது. புதிதாகப் பிளேட் போட்ட கார் என்றால், பிளேட் திருப்பிப் போடப்பட்டிருக்கலாம். போர்க் வளைந்திருக்கலாம், அது ஊன்றி நெம்பும் உருண்டை முனை தேய்ந்திருக்கலாம். பெடல் தாங்கியின் வெல்டிங் விட்டிருந்தாலும் ஓட்டம் குறையும். மிதிக்கும்போது மாஸ்டரே முன்னால் அசைகிறதா என்று ஒருவர் எஞ்சின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது தெரிந்துவிடும்.

குளிராக இருக்கும்போது நல்லது, அரை மணி ஓடினால் பெடல் போகிறது.

ஒயிலில் தண்ணீர் ஏறியிருக்கிறது, சூட்டில் கொதித்து ஆவியாகிறது. ஸ்லேவோ குழாயோ எக்ஸோஸ்ட்டுக்குப் பக்கத்தில் போகிற கார்களிலும், வெப்பத்தைத் தடுக்கும் தகட்டைக் கழற்றி எறிந்த கார்களிலும் இது கெதியில் வரும். எங்கள் சமதரையில் ஓடும்போது தெரியாமல் இருந்துவிட்டு, பதுளை வீதியில் பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றத்தில் கியர் மாற்ற மாற்றத்தான் தெரியும்.

என்ன ஒயில் ஊற்ற வேண்டும்?

மூடியில் எழுதியிருப்பது. ஜப்பான் கார்களுக்குப் பெரும்பாலும் டொட் 3 அல்லது டொட் 4. புதிய டொட் 3 குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை, டொட் 4 குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அவை முறையே 140, 155 வரை இறங்கலாம். டொட் 3, டொட் 4, டொட் 5.1 ஒன்றோடொன்று கலக்கும். டொட் 5 மட்டும் சிலிக்கோன், அதை மற்றவற்றோடு சேர்க்கவே கூடாது. திறந்து பல மாதம் வைத்த போத்தல் வேண்டாம், எங்கள் ஊர்க் காற்றில் அது ஈரத்தைக் குடித்திருக்கும்.

பவர் ஸ்டியரிங் ஒயிலோ எஞ்சின் ஒயிலோ ஒரு சொட்டு விழுந்தாலும் சீல் எல்லாம் ஊதிப் பெருக்கும். "அவசரத்துக்கு ஊத்தினேன்" என்று வருகிற கார்களுக்கு மேல், கீழ், ஹோஸ் மூன்றையும் மாற்றிக் குழாயைக் கழுவுவதே மருந்து.

சில கார்களுக்கென்று தனிச் சிக்கல் உண்டா?

உண்டு. பழைய நிசான் சில்வியாக்களில் ஸ்லேவுக்கு முன்னால் அதிர்வைக் குறைக்க ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அதற்குத் தனி நிப்பிள். அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் ஸ்லேவில் மட்டும் எயார் எடுப்பவர்கள் நிறையப் பேர். எம்ஆர்2-வுக்கு எஞ்சின் பின்னால், மாஸ்டர் முன்னால். காரின் நீளத்துக்கும் குழாய் ஓடுவதால் ஒயிலும் பொறுமையும் இரட்டிப்பாக வேண்டும். அதற்கு ஊசி முறையே நல்லது. நிசான் 370இசட் போன்றவற்றில் ஸ்லேவ் கியர்பொக்ஸுக்குள், கிளச்சைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் பெயாரிங்கோடு ஒன்றாக இருக்கிறது. அது ஒழுகினால் கிளச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் கூட்டின் அடியால் ஒயில் வடியும், கியர்பொக்ஸை இறக்காமல் ஒன்றும் செய்ய முடியாது.

பெடலை இரவு முழுக்க மிதித்த நிலையில் தடி கொடுத்து வைத்தால் சரியாகும் என்கிறார்களே?

கடைசி மிச்சமான பொடிக் குமிழிகளுக்குச் சில வேளை உதவும். அழுத்தத்தில் அவை ஒன்றுசேர்ந்து உயரமான இடத்துக்குப் போய் நிற்கும், காலையில் பெடலை மெதுவாக விட்டதும் டாங்கிக்கு ஏறும். பெரிய காற்றுக்கும் ஒழுக்குக்கும் இது பலிக்காது. செய்து பார்ப்பதில் நட்டமில்லை, தடி சீட்டைக் கிழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழியில் கிளச் போய்விட்டது. வீடுவரை ஓட்டலாமா?

முதலில் டாங்கியைப் பாருங்கள். காலியாக இருந்தால் ஒயில் விட்டு, பம்ப் பண்ணிப் பண்ணி அருகிலுள்ள கராஜ்வரை போகலாம். கல்முனை, காத்தான்குடி போன்ற நெரிசலுக்குள் கிளச் இல்லாமல் ஓட்டுவது ஆபத்து. இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

ஒயில் பெயின்ட்டில் சிந்திவிட்டது.

துடைக்காதீர்கள், உடனே நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். துடைத்தால் பரவி அந்த அளவுக்குப் பெயின்ட்டைத் தூக்கிவிடும். எயார் எடுக்கத் தொடங்கும்போதே ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வையுங்கள்.

எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை ஒயிலை மாற்ற வேண்டும்?

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஓடினாலும் ஓடாவிட்டாலும். பிரேக் ஒயில் மாற்றும் நாளிலேயே கிளச்சுக்கும் மாற்றச் சொல்லுங்கள். பல கராஜ்களில் கேட்காவிட்டால் அதைத் தொடவே மாட்டார்கள்.